இரண்டு அட்டையும் ஒரே உலையும்

பூதலூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு ரேஷன் அட்டைகள் இருந்தன, உலை ஒன்றுதான். தம்பிக்குத் திருமணமானதும் அவன் தனிக்குடித்தனம் போய்விட்டதாக எழுதிக் கொடுத்து இரண்டாவது அட்டையை வாங்கினோம். தெருவில் பல வீடுகளிலும் அதுவே வழக்கம். விசாரணைக்கு அலுவலர் வந்த காலையில், கொல்லைத் தாழ்வாரத்தில் புதிய அடுப்பு ஒன்று அவசரமாகப் புகைந்தது.

"என்னம்மா, அடுப்புல ஒரு கரி கூட ஒட்டலையே?" என்றார் அவர்.

"இன்னிக்குத்தாங்க நல்ல நாள் பார்த்துப் பத்த வச்சோம். இருந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க," என்றாள் தம்பி மனைவி.

அவர் உண்டது என் மனைவி வைத்த குழம்பு. அவர் தெருமுனை திரும்பும்வரை அடக்கி வைத்திருந்த தம்பியின் சிரிப்பு, இன்றும் என் செவியில் இருக்கிறது. வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்திருந்த நாள்கள் அவை.

தன் மனைவி மறைந்தபின் தம்பி அமெரிக்காவில் இருந்த தன் ஒரே மகளிடம் சென்று, நிரந்தரமாக வசிக்கும் உரிமையும் பெற்றான். வருமானமற்ற முதியவர் தனித்து வாழ்ந்தால் அரசு உதவித்தொகை தரும் என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"நம்ம ஊரு கார்டு மாதிரிதாண்ணே. அட்ரஸ் மட்டும் வேற," என்றான் தொலைபேசியில்.

தெரிந்தவர் ஒருவரின் முகவரியைக் கொடுத்துவிட்டு, மகள் வீட்டிலேயே வாழ்ந்து உதவித்தொகை பெற்றான். சில ஆண்டுகள் கழித்துக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது, நேர்காணல் அதிகாரி, தனியாக இருப்பவர் சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்று விசாரித்தாராம். பெற்ற தகப்பனைத் தனியே பொங்கித் தின்ன விட்டவள் என்று தன் மகளை ஓர் அந்நியர் எண்ணுவதை அவனால் பொறுக்க முடியவில்லை.

"எம் பொண்ணு ஒருநாளும் என்னைத் தனியா சாப்பிட விட்டதில்ல, நேத்து ராத்திரிகூட அவதான் பரிமாறினான்னு சொன்னேண்ணே. மொழிபெயர்க்க வந்த பையன் என்னையே பார்த்தான். 'அப்படியே சொல்லு தம்பி'ன்னுட்டேன்."

அவன் குரலில் அப்போதும் பெருமைதான் இருந்தது. பெற்ற தொகை முழுவதையும் மகள் திருப்பிக் கட்டினாள். ஆயினும் குடியுரிமை மறுக்கப்பட்டது. பொய் சொல்லி உதவி பெற்றதற்காக வசிக்கும் உரிமையும் பறிபோனது. நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டான். மகளைத் தேடிப் போக இனி வழியில்லை.

ரயிலடித் தேநீர்க் கடையில் தம்பியும் நானும் அமர்ந்திருந்தபோது கேட்டார்கள்: "என்னங்க சார், தம்பி ஒரேடியா வந்துட்டாரு?"

"குளிர் ஒத்துக்கலை," என்றேன்.

"அங்கெல்லாம் வீட்டுக்குள்ளயே ஹீட்டர் இருக்குமாமே!"

"டீ ஆறுது, குடிங்க."

தம்பி தலைகுனிந்து சிரித்தான். பழைய சிரிப்பு அல்ல அது.

இப்போது எங்கள் இரவுச் சாப்பாட்டு வேளையில் அங்கே பொழுது விடிகிறது. நீர்ச்சொம்பில் கைப்பேசியைச் சாய்த்து வைத்துவிட்டு இலைமுன் அமர்கிறான். பள்ளிக்குக் கிளம்பும் பேத்தி தினமும் ஒன்றையே கேட்கிறாள்.

"தாத்தா, தனியாவா சாப்பிடுறீங்க?"

"யாரு சொன்னா? இங்க பாரு, பெரிய தாத்தா."

கைப்பேசியை என் பக்கம் திருப்புகிறான். நான் எட்டு மணிக்கே உண்டு முடிக்கும் பழக்கமுடையவன். இப்போது அவளுடைய அழைப்பு வரும்வரை என் இலையிலும் சோறு விழுவதில்லை.