அமுதவல்லி போட்ட பாடு

எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவி அமுதவல்லி அதுவரை கணினியைத் தொட்டதே இல்லை. கோட்டைக்குப்பத்தில் வீடு, நண்டு தரம் பிரிக்கும் கொட்டகையில் வேலை, எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு. தலைவியைத் தேர்ந்தெடுத்த நாளில் ஏரியில் நண்டு படவில்லை, அதனால் கூட்டத்துக்கு வந்தார். வேறு யாரும் கை தூக்கவில்லை, அதனால் தலைவியானார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

நான் பிரசாந்த், பொன்னேரியிலிருந்து பேருந்தில் வந்து போகும் கணினி ஆசிரியன். முன்கோபக்காரன் என்று மாணவர்கள் சொல்வார்கள். பொய்யில்லை.

போன வருஷம் நடந்த ஒரு கூட்டத்தில் தலைமையாசிரியர் குண்டைத் தூக்கிப் போட்டார். வரும் ஜூனில் பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பிரிவில் இருபது பேராவது சேர வேண்டும், இல்லாவிட்டால் பிரிவை மூடிவிடுவார்கள். அப்போது இருந்தவர்கள் பதினோரு பேர், அத்தனை பேரும் பையன்கள். பிரிவு போனால் பொன்னேரிக்குத்தான் போய்ப் படிக்க வேண்டும். பையன்கள் போய்விடுவார்கள். ஏரி நடுவிலிருக்கும் பசியாவரத்திலிருந்து படகேறி வரும் பெண்ணைப் பேருந்திலும் ஏற்றிவிட யார் வீட்டில் சம்மதிப்பார்கள்?

“பொம்பளப் புள்ளைங்க ஏன் சார் சேரல?” என்று கேட்டார் அமுதவல்லி.

“அவங்களுக்கு அதுல ஆர்வம் இல்லம்மா.”

இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவர் வாதாடவில்லை. அடுத்த புதன்கிழமை முதல் பீரியடில், பத்தாம் வகுப்புக் கணினி வகுப்புக்கு வந்து சுவரோரம் நின்றார். அவருடைய இரட்டைப் பிள்ளைகள் ராகுலும் அர்ச்சனாவும் அந்த வகுப்பில்தான் படித்தார்கள். நாற்பது பேர், பத்து கணினிகள். முதலில் வருகிறவர்கள் உட்காரலாம் என்பது என் சட்டம். எல்லோருக்கும் பொதுவான சட்டம் என்று அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பையன்கள் ஓடிவந்து இடம் பிடித்தார்கள். பசியாவரத்துப் படகு வழக்கம்போலத் தாமதம். அந்தப் பெண்கள் மூச்சிரைக்க வந்தபோது நாற்காலி ஏது? பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்கள். உள்ளூரிலேயே இருந்த அர்ச்சனாவும் சில நிமிஷம் மூத்த அண்ணன் ராகுலின் முதுகுக்குப் பின்னால்தான் நின்றாள்.

மணி அடித்ததும் அமுதவல்லி என்னிடம் வந்தார்.

“இன்னா சார் இது? எங்க ஊர்ல ஏரியில வலை போட பாடு வெச்சிருக்கோம். சீட்டு குலுக்கி யாருக்கு எந்த நாளு, எந்த இடம்னு முறை. முந்தி வந்தவன்லாம் போட்டுட முடியாது. இங்கயும் பாடு போடுங்க.”

“நல்லா தட்டுறவங்க தட்டினாத்தான்மா பாடம் முடியும்.”

“நல்லா வலை போடறவனுக்கே தெனமும் குடுத்தா மத்தவன் வூட்ல அடுப்பு எரியுமா சார்?”

எனக்குச் சுருக்கென்றது. வேலை தெரியாதவர் வந்து சொல்லித் தருகிறாரே என்று கோபம்கூட வந்தது. ஆனால் தலைமையாசிரியர் அவர் பக்கம். அடுத்த புதன் அமுதவல்லியே சீட்டு எழுதிக் கொண்டுவந்து, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் குலுக்கினார். ஒரு கணினிக்கு நான்கு பேர் வரை, ஆளுக்குப் பத்து நிமிஷம்.

அதில் ஒரு கோளாறு நடந்தது. ஊரில் பாடு வீட்டுக்கு ஒன்று, அதுவும் ஆண்கள் பேரில்தான். பழக்கதோஷத்தில் அவர் அப்படியே எழுதிவிட்டார். நாற்பது பிள்ளைகளுக்கு முப்பத்தாறு சீட்டு. நான்கு வீடுகளில் இரண்டிரண்டு பேர் படித்தார்கள், அங்கேயும் வீட்டுக்கு ஒரே சீட்டு. ‘தேவேந்திரன்’ என்று கணவர் பேரில் எழுதியிருந்த சீட்டு வந்ததும் ராகுல் போய் உட்கார்ந்தான். மற்ற மூன்று வீட்டிலும் உட்கார்ந்தது பையன்தான். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், எனக்கும் உறைக்கவில்லை.

அன்று சாயங்காலம் அமுதவல்லி வீட்டில் மகளிடம் ஆசையாகக் கேட்டிருக்கிறார், “இன்னாடி, கம்ப்யூட்டர் தொட்டியா?” என்று.

“நம்ம வூட்டுச் சீட்டுல அவன் குந்திகினாம்மா” என்றாளாம் அர்ச்சனா.

மறுநாள் காலை நான் பேருந்திலிருந்து இறங்கும்போதே அமுதவல்லி நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது. “தப்பு பண்ணிட்டேன் சார். வூடா படிக்குது? புள்ளதான படிக்குது. என் பொண்ணு பேர நானே எழுதல பாருங்க” என்றார். தவறை ஒத்துக்கொள்ள நான் வாரக்கணக்கில் யோசித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு ஒரே ராத்திரி போதுமாயிருந்தது. அந்த நிமிஷத்தில்தான் அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

அதற்கடுத்த புதன் டப்பாவில் நாற்பது சீட்டுகள், நாற்பது பிள்ளைகளின் பேர்கள். படகு தாமதமானாலும் அவரவர் நேரம் அவரவருக்குக் காத்திருந்தது. இன்னொரு சட்டமும் போட்டோம். முந்தினவர் விட்ட இடத்திலிருந்துதான் அடுத்தவர் நிரலைத் தொடர வேண்டும், நிற்கிறவர்கள் வாய் திறக்கக் கூடாது. முதல் இரண்டு வாரம் அர்ச்சனா விசையைத் தொடவே பயந்தாள். ராகுலுக்கு வாய் துறுதுறுத்தது, ஆனால் அம்மா சுவரோரம் நின்றதால் அடக்கிக்கொண்டான். பிறகு நான் எதிர்பாராதது நடந்தது. வருஷக்கணக்காகப் பின்னால் நின்று பார்த்த பெண்களுக்கு, பிழை எந்த வரியில் என்பது சட்டென்று கண்ணில் பட்டது. பையன்கள் வேகமாகத் தட்டினார்கள், இவர்கள் சரியாகத் தட்டினார்கள். பொங்கலுக்குள் ராகுல் தன் நிரலைத் தங்கையிடம் காட்டிச் சரிபார்க்க ஆரம்பித்திருந்தான்.

ஜூன் வந்தது. கணினிப் பிரிவில் முதல் கையெழுத்து அர்ச்சனாவுடையது, அடுத்தது ராகுல். ஆனாலும் சேர்க்கையின் கடைசி நாள் மதியம் எண்ணிப் பார்த்தபோது பத்தொன்பதுதான். தலைமையாசிரியர் பதிவேட்டை மூடப் போனார். “கொஞ்சம் இருங்க சார், படகு வரட்டும்” என்றார் அமுதவல்லி. நான் வருஷமெல்லாம் திட்டித் தீர்த்த அதே படகு, அன்றும் தாமதமாகவே வந்தது. அதிலிருந்து நான்கு பெண்கள் சான்றிதழ்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். ஆக இருபத்து மூன்று பேர், அதில் பெண்கள் பத்து. நான் அழுதேன் என்று அமுதவல்லி ஊரெல்லாம் சொல்கிறார். சொல்லட்டும்.

ஜூலை முதல் புதன், பதினொன்றாம் வகுப்புக்குப் புதுச் சீட்டு குலுக்கினோம். டப்பாவில் ஒரு சீட்டு அதிகமாக இருந்தது. அர்ச்சனாவின் கையெழுத்தில் ‘அமுதவல்லி’. அவர் எவ்வளவோ மறுத்தார், பிள்ளைகள் விடவில்லை. முறை வந்ததும் முந்தானையில் கையை இரண்டு முறை துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடினார். ராகுல் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். திரையில் ‘அமுதவ’ வந்தபோது பத்து நிமிஷம் முடிந்துவிட்டது. அவர் உடனே எழுந்துவிட்டார்.

“இன்னும் ரெண்டே எழுத்துதான்மா, முடிச்சுட்டு எழுந்திரிங்க” என்றேன்.

“நீங்கதான் சார் சட்டத்தக் கெடுக்கறது. அடுத்த பொண்ணு நிக்குது, கண்ணு தெரியல?”

அடுத்தவள் பசியாவரத்து லோகநாயகி. உட்கார்ந்தாள். விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்பதும் சட்டம்தான், ஆனால் திரையில் இருந்ததை அவள் அழிக்கவுமில்லை, முடிக்கவுமில்லை. அதைச் சேமித்து வைத்துவிட்டுத் தன் வேலையைத் தொடங்கினாள். அமுதவல்லி அடுத்த புதனுக்கு இப்போதே கொட்டகையில் விடுப்பு சொல்லியிருக்கிறார்.