தனம் கழுவாத கல்

தனம் சோப்புத்தூள் போட்டுக் கல்லைக் கழுவிவிட்டாள், அதனால்தான் வைத்தீஸ்வரன் சார் வீட்டு மீன் ஐந்தும் செத்தன என்று இன்னும் எத்தனை நாள் சொல்லிக்கொண்டிருப்பார்கள்? அஸ்தினாபுரம் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு எங்கள் தெரு அருள்மேரி சொன்னாளாம். அருள்மேரி அந்த மீன் கடைக்குள் ஒரு தடவையாவது கால் வைத்திருக்கிறாளா? தனம் அங்கே பதினோரு வருடம் நின்றவள். பேசுகிறவர்கள் அந்தக் கல்லைப் பற்றி முதலில் தெரிந்துகொண்டு பேசட்டும்.

குரோம்பேட்டையில் குமரேசன் வைத்திருக்கும் கலர் மீன் கடைக்குத் தனம் கண்ணாடி துடைக்கத்தான் வந்தாள். அதற்கு முன் பல்லாவரத்தில் தோல் கம்பெனியில் செருப்புக்கு மேல்பாகம் தைத்தவள். துடைத்துத் துடைத்தே மீனின் பாஷை அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. பிறகு தொட்டி வைக்கிறவர்கள் எல்லாம் குமரேசனை விட்டுவிட்டு, "அந்த அக்கா எங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். குமரேசனுக்கு அது ஒரு பக்கம் லாபம், ஒரு பக்கம் எரிச்சல்.

வைத்தீஸ்வரன் சார் புது ஃபிளாட் வாங்கி, கூடத்தில் கடல்மீன் தொட்டி வேண்டும் என்றார். கடல்மீனுக்குக் கண்ணாடியும் உப்புத்தண்ணீரும் போதாது, உள்ளே உயிருள்ள கல் வேண்டும். கல்லின் பொத்தல்களில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குடியிருந்து, மீன் கழிவிலிருந்து வருகிற நஞ்சைத் தின்றுவிடும். கடலில் உடைத்த பவளப்பாறையைத் தனம் விரலாலும் தொடமாட்டாள். சிமெண்டும் சிப்பித்தூளும் கலந்து வார்த்து, கடலோரப் பண்ணைக் குளத்தில் ஒரு வருடம் ஊறிய கல்லைத்தான் எடுப்பாள்.

ஈரச் செய்தித்தாள் சுற்றி, தெர்மோகோல் பெட்டியில் நாற்பது கல் வந்தன. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். பார்க்கப் பெரிதாக இருந்து கைக்கு லேசாக இருந்தால் உள்ளே பொத்தல் நிறைய. மூக்கருகே கொண்டுபோனால் கடல்வாடை அடிக்க வேண்டும், அழுகின முட்டை வாடை அடித்தால் ஒதுக்கு. அப்படிப் பார்த்துப் பதினெட்டு எடுத்தாள்.

எடுத்தவுடன் மீனோடு சேர்த்துவிட முடியுமா? வழியிலேயே பாதி ஜீவன்கள் செத்திருக்கும். அது அழுகித் தீரும்வரை உப்புத்தண்ணீரில், இருட்டில், மோட்டார் ஓடவிட்டு ஊறப்போட வேண்டும். கடைப் பின்கட்டில் நீல டிரம்மில் போட்டாள். நாற்றம் குடலைப் பிடுங்கியது. பல்தேய்க்கிற பிரஷ்ஷால் வழவழப்பைத் தேய்த்து எடுப்பாள், அதுவும் உப்புத்தண்ணீரில்தான். குழாய்த்தண்ணீர் பட்டால் மிச்சமிருக்கும் உயிரும் போய்விடும். இது தெரிந்தவளா சோப்புப் போடுவாள்?

பதினெட்டாம் நாள் திங்கட்கிழமை, டிரம் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் பிடித்து மருந்துச் சொட்டு விட்டாள். மஞ்சளாக நின்றால் நஞ்சு இல்லை. பாசிப்பச்சையாக மாறியது.

"இன்னா தனம், கல்லு ரெடியா? வெள்ளிக்கெயம சாருக்குக் கிரகப்பிரவேசம்" என்றான் குமரேசன்.

"நீயே பாருண்ணா. பச்சையா கீது. இன்னும் ரெண்டு வாரம் ஆவும்."

"பத்திரிகை அடிச்சிட்டாங்க. உன் கல்லுக்காக முகூர்த்தத்த மாத்துவாங்களா?"

"முகூர்த்தம் வூட்டுக்குத்தானே, மீனுக்கா? கல்லையும் தண்ணியையும் மட்டும் வெச்சுட்டு வா. மீன் அப்பறம் வரட்டும். நானே சாருக்கு போன் பண்ணிச் சொல்றேன்."

"நீ ஒண்ணும் சொல்ல வாணாம். வெறுந்தொட்டிய வெச்சா வந்தவன்லாம் என்னியத்தான் சிரிப்பான்."

புதன்கிழமை தனத்துக்கு வார லீவு. அன்றைக்கு அந்த மகராசன் குமரேசன் பதினெட்டுக் கல்லையும் வாசலில் கொட்டி, கார் கழுவுகிற குழாயைப் பிடித்து போர்வெல் தண்ணீரைப் பீய்ச்சினான். நாற்றம் போயிற்று. மூன்று வாரம் அவள் காப்பாற்றி வைத்த உயிரும் அதோடு போயிற்று. வியாழக்கிழமை அவள் கடைக்கு வருவதற்குள் கல் சார் வீட்டுத் தொட்டிக்குள் போய், மீன் ஐந்தும் அதற்குள் விடப்பட்டாயிற்று.

"மீன எடுத்துடுண்ணா. கெஞ்சிக் கேக்கறேன்."

"வாசனயே இல்ல, இன்னும் இன்னா? நீதான் மருந்தும் சொட்டும்னு பேஜார் பண்றே."

வெள்ளிக்கிழமை வந்தவர்கள் எல்லாம் ஆரஞ்சு மீனைப் பார்த்து வியந்து, பாயசம் குடித்துவிட்டுப் போனார்கள். மாலையில் மீன்கள் தண்ணீருக்கு மேலே வாயைத் திறந்து திறந்து மூடின. சனிக்கிழமை காலையில் ஐந்தும் மிதந்தன. செத்த கல்லுக்குள் அழுகியதெல்லாம் நஞ்சாக இறங்கியிருந்தது.

பதினோரு மணிக்கு வைத்தீஸ்வரன் சார் கேரி பேக்கில் ஐந்தையும் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். கண் சிவந்திருந்தது.

"என்ன குமரேசன் இது? புது வீட்ல முதல் நாளே சாவு விழுந்துடுச்சேன்னு எங்கம்மா விடியற்காலைலேருந்து அழறாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

குமரேசன் தனத்தைப் பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இந்தம்மா கல்லக் கழுவறப்ப சோப்புத்தூள் போட்டுடுச்சு சார். படிக்காதவங்க. நீ சொல்லு தனம், தெரியாம பண்ணிட்டேன்னு சொல்லு. சார் மன்னிச்சுடுவாரு." பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ. உன் வேல எங்கயும் போவாது."

பதினோரு வருடம் அழுக்குத்தண்ணீரில் கை வைத்தவள். அதில் சேர்ந்த ஒரே சொத்து, தனம் சொன்னால் சரியாக இருக்கும் என்கிற பேர். அதை எடுத்து இவன் தன் முகத்தைத் துடைத்துக்கொள்வதா?

"சார், கல்ல நான் கழுவல" என்றாள். "புதன்கெயம நான் லீவு. போர் தண்ணியில கழுவுனவரு இவரு. ரெண்டு வாரம் ஆவும், மீன் வுடாதன்னு திங்கக்கெயமயே சொன்னேன். உங்களுக்கு போன் பண்றேன்னேன், வாணாம்னுட்டாரு."

வைத்தீஸ்வரன் சார் கேரி பேக்கைக் கல்லாமேல் வைத்தார். "ரெண்டு வாரம்தானேம்மா, வெயிட் பண்ணியிருப்பேனே" என்றார். "என்கிட்ட யாரும் கேக்கவே இல்லையே."

குமரேசனுக்கு முகம் கறுத்துவிட்டது. "சோறு போட்ட கடைய சந்தி சிரிக்க வெக்கறியா? உள்ள போய் தொட்டியத் துடை. அப்பறம் பேசிக்கறேன்."

"நீயே துடச்சுக்கோ."

சுவரில் மாட்டியிருந்த பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். வைத்தீஸ்வரன் சார் பக்கம் திரும்பினாள்.

"சார், கோவத்துல அந்தக் கல்லத் தூக்கிப் போட்றாதீங்க. மீன் வுடாம, தண்ணிய மாத்திக்கினு மோட்டார் ஓடட்டும். ரெண்டு மாசம் பொறுத்தா மறுபடி உயிர் புடிக்கும்."

"இந்தப் படிய எறங்கினா திரும்ப ஏற முடியாது தனம்" என்றான் குமரேசன்.

தனம் கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்து, படி இறங்கி, சாலையைக் கடக்க, எதிரே வந்த பஸ் போகட்டும் என்று ஓரமாக நின்றாள்.