தங்கையின் பெயரில் ஓர் அட்டை

காப்பிப் பழத்தோல் மழையில் ஊறிப் புளித்த வாடை. வத்தலக்குண்டுக்கு மேலே மலையிலிருக்கும் பெரும்பாறை என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்த நான், ஒன்பது வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வாடைக்குள் வந்து சேர்ந்தேன். எங்களுக்குப் பல வருடங்கள் முன்பே முறையாகக் கப்பலேறி வந்து, அங்கே காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மாமா தம் வீட்டில் ஒரு மூலையை எங்களுக்கு ஒதுக்கித் தந்தார். நாங்கள் வந்தது மீன்பிடிப் படகில், யாருக்கும் தெரியாமல்.

தமிழர்கள் குடியிருந்தார்கள் என்பதற்காகவே, கலவரக் கும்பல் தோட்டத்தில் வரிசையாக இருந்த எங்கள் 'லயத்து' வீடுகளுக்குத் தீ வைத்தது. பெரியவர் ஒருவரைத் தூக்கிவர உள்ளே போன அப்பா வெளியே வரவில்லை. அம்மா தகரப்பெட்டியில் கைக்குச் சிக்கியதை முந்தானையில் முடிந்துகொண்டு, என்னையும் தங்கை செல்வியையும் இழுத்துக்கொண்டு தேயிலைச் செடிகளுக்குள் ஓடினாள். மூச்சு வாங்க நின்று அவிழ்த்துப் பார்த்தபோது அதில் செல்வியின் பெயரும் பிறந்த தேதியும் எழுதிய மருத்துவ அட்டை, 'கிளினிக் காட்', மட்டுமே இருந்தது. என் பிறப்புச் சான்றான 'பொறந்த துண்டு' எரிந்துபோயிருந்தது. பிறகு வடக்கே ஒரு முகாமில், மருந்தில்லாத காய்ச்சலில், செல்வியும் போய்விட்டாள். அவளுடைய அட்டை மட்டும் எங்களோடு கடல் தாண்டியது.

அகதிகளாகப் பதிந்துகொள்ள வெள்ளனே எழுந்து வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறி, மலைக்குக் கீழே இருந்த அலுவலகத்துக்குப் போவோம். இரண்டு முறை அதிகாரி இல்லையென்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை, ஜலதோஷத்தில் மூக்கைத் துடைத்தபடி இருந்த ஒரு எழுத்தர் எங்களை உட்காரச் சொன்னார். நல்ல மனிதர். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இந்தப் பாப்பாவோடதா?" என்று கேட்டார்.

"சின்னவளோடதுங்க. அவ இல்ல" என்றாள் அம்மா.

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வயசுதானம்மா வித்தியாசம்? செல்வின்னே இவளுக்குப் போட்டுருவோம். சோலி வெரசா முடிஞ்சுரும். புள்ளைக்கும் நல்லது."

கூட வந்திருந்த மாமா அவசரமாகத் தலையாட்டினார். அம்மா என்னைப் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள். "வேணாங்க. இவ தவமணி. அதையே எழுதுங்க."

"அப்ப ஆவணம் இல்லைன்னுதான் எழுதணும். பின்னால ரொம்பச் சிரமப்படுவீங்க."

"எழுதுங்க."

திரும்பும் வழியெல்லாம் மாமா, "கூறு கெட்டுப்போச்சா ஒனக்கு?" என்று திட்டிக்கொண்டே வந்தார். அம்மா ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டாள்.

எழுத்தர் சொன்னபடியே ஆயிற்று. பள்ளியில் தலைமையாசிரியை இரக்கப்பட்டுச் சேர்த்துக்கொண்டார். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நர்ஸ் படிப்புக்குப் போனபோது பிறப்புச் சான்று கேட்டார்கள், இல்லையென்றதும் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அன்று வீட்டுக்கு வந்து கத்தினேன்: "செத்தவ மேலதான் ஒனக்குப் பாசம். அவ பேரக் காப்பாத்திட்ட, என்னய விட்டுட்ட."

மிளகு காய வைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை. "ஊரே ஒன்னயச் செல்வின்னு கூப்புட்டா, தவமணி எங்கன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்கடி. ரெண்டு பிள்ளையையும் தொலைக்க எனக்குத் தெம்பில்ல."

இப்போது வட்டக்கானலில் ஒரு தங்கும் விடுதியில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிக்கிறேன். பெரும்பாறையில் மாமா குடியிருந்த வரிசை வீடுகளை இடித்துவிட்டார்கள். அங்கே விருந்தாளிகளுக்கான குடில்கள் நிற்கின்றன. மாமாவும் இல்லை. குடியுரிமைக்கான என் விண்ணப்பம் மேசை மாறி மேசை போகிறது. கூப்பிடும்போதெல்லாம் விடுப்புச் சொல்லிவிட்டு மலை இறங்குகிறேன்.

போன வாரமும் போனேன். கணினிக்கு முன்னால் இருந்த பெண்ணுக்கு எனக்கு மகளாக இருக்கும் வயதுதான். "சான்று இல்லாட்டி பரவாயில்லக்கா. நீங்க பொறந்தப்போ கூட இருந்தவங்க யாராச்சும் வந்து சாட்சி சொன்னாக்கூடப் பாக்கலாம்" என்றாள்.

அம்மா ஐப்பசி மழையில் இறந்து ஐந்து மாதம் ஆகிறது.

"யாரும் இல்லம்மா" என்றேன். அவள் அதைத் தட்டச்சு செய்துகொண்டாள்.