பந்தலுக்குப் போன கரண்ட்

எழுபதுகளில் கரண்ட் வெட்டு கடுமையானபோது, சின்ன காஞ்சிபுரத்தில் நான் கணக்கு எழுதிய பட்டு நூல் முறுக்கும் மில்லில் முதலாளி டீசல் ஜெனரேட்டர் வாங்கிப் போட்டார். அனுமதி ஒரு நிபந்தனையோடுதான் கிடைத்தது. அந்தக் கரண்ட் மில்லுக்கு மட்டும். வெளியே ஒரு பல்புக்குக்கூடப் போகக் கூடாது. எவ்வளவு எடுத்தோம், எதற்குச் செலவானது என்று மாதாமாதம் மின் ஆய்வாளர் ஆபீசுக்கு ரிட்டர்ன் அனுப்ப வேண்டும். அதை எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. சர்க்கார் காகிதத்தில் என் கையெழுத்து என்றால் சும்மாவா?

வைகாசி கருட சேவை வந்தது. பெருமாள் வீதிக்கு வரும் விடியற்காலையில் கரண்ட் இருக்காது என்று தெரிந்ததும், தெருப் பந்தலுக்கு எங்கள் ஜெனரேட்டரிலிருந்து லைன் இழுக்கச் சொன்னார் முதலாளி.

"அதுக்கு அனுமதி இல்லையே, முதலாளி. ரிட்டர்ன்ல நான் எழுதியாகணும்" என்றேன்.

"எழுதுப்பா! பெருமாளுக்குக் குடுத்ததை எவனாவது மறைப்பானா? கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். நீ ஏன் பயந்துக்கினு இருக்கிற?"

பந்தல் ஜொலித்தது. தெருக்காரர்கள் முதலாளி தலையில் பரிவட்டம் கட்டினார்கள். எனக்கே கண் கலங்கிவிட்டது. அவர் பேச்சை நம்பி, உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினேன்.

ரிட்டர்ன் போன சூட்டோடு ஆய்வாளர் வந்து நின்றார். "யாரைக் கேட்டு வெளியில லைன் குடுத்தீங்க? ஜெனரேட்டருக்கு சீல் வைக்கட்டுமா?"

முதலாளி என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "எனக்குத் தெரியவே தெரியாது சார். நம்ம கணக்கருக்கு பக்தி ஜாஸ்தி. அவரே இழுத்துட்டாரு. இன்னியோட வேலைய விட்டு அனுப்பிடறேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. ஜெனரேட்டர் நின்றால் மில்லில் அத்தனை பேர் வீட்டு அடுப்பும் அணையும் என்று அந்த நிமிஷம் தோன்றியது. அப்புறம் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லாமலா போவார் என்றும் நினைத்தேன். சொல்லவில்லை. நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அதுதான்.

மறு வருஷக் கருட சேவைக்குப் பந்தலில் பெட்ரோமாக்ஸ் விளக்குதான். வேறு வேலை கிடைக்காத நான் கூட்டத்தில் நின்றிருந்தேன். தலையில் பரிவட்டத்தோடு நின்ற முதலாளி, பக்கத்திலிருந்தவரிடம் என்னைக் காட்டிச் சொன்னார்:

"நம்ம பழைய கணக்கர். பாவம், ரொம்ப பக்தி உள்ள மனுஷன்."