ஆறு மாத ஸ்னாப்ஷாட்

இரண்டாயிரங்களின் கடைசியில், நாவலூரில் நான் வேலை பார்த்த கம்பெனி பன்னிரண்டு சர்வர்களை ஒரே பெரிய சர்வருக்குள் கொண்டுவந்தது. வெளியே பார்த்தால் ஒரு பெட்டி, ஹோஸ்ட். அதற்குள் பன்னிரண்டு கெஸ்ட் மெஷின்கள் தனித்தனியாக ஓடும். பார்த்துக்கொள்ள இரண்டு பேர். நான் ஒருத்தி, அணுபுரம் குவார்ட்டர்ஸிலிருந்து தினமும் வருவேன். இன்னொருவர் செய்யூர்ப் பக்கம். அவருடைய அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். வீட்டில் முதலில் மாதச் சம்பளம் வாங்கியவர் அவர்தான்.

ஒரு திங்கட்கிழமை காலை கெஸ்ட்டுகள் ஒவ்வொன்றாக நின்றன. மெயில் போயிற்று, பிறகு அட்டெண்டன்ஸ், பிறகு எல்லாமே. நாங்கள் திரையைத் திறப்பதற்குள் மேனேஜர் வந்து, ஞாயிற்றுக்கிழமை டூட்டியில் யார் என்று கேட்டார். செய்யூர்க்காரர் என்றதும் விசாரணை முடிந்துவிட்டது.

"உங்க ஆளுங்ககிட்ட கம்ப்யூட்டரக் கொடுத்தா இப்படித்தான் ஆகும்" என்றார், ஃப்ளோர் முழுக்கக் கேட்கும்படி.

அவர் மேனேஜரைப் பார்க்கவே இல்லை. என் பக்கம் திரும்பி, "நான் கையே வெக்கலக்கா. லாக்கப் பாரு" என்றார். யார் எப்போது என்ன செய்தார்கள் என்று மெஷின் தானாகவே எழுதி வைக்கும் பதிவுதான் லாக். மேனேஜர் அவருடைய சர்வர் ரூம் கார்டை வாங்கிக்கொண்டு வெளியே உட்காரச் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. முதலில் மெஷின்களை ஓட வைப்போம் என்று சொல்லிக்கொண்டேன். அது வெறும் சாக்கு.

ஹோஸ்ட்டில் மெமரி சரி, நெட்வொர்க் சரி. டிஸ்க்கில்தான் துளி இடமில்லை. எழுத இடமில்லாமல் கெஸ்ட்டுகள் உறைந்து நின்றிருந்தன. எது இவ்வளவு இடத்தைத் தின்றது என்று தேடினால், மெயில் சர்வர் ஃபோல்டரில் ஒரு ஸ்னாப்ஷாட். ஏதாவது மாற்றம் செய்யும் முன் மெஷினை இருந்த நிலையில் பிடித்து வைப்பதுதான் ஸ்னாப்ஷாட். கெட்டுப்போனால் பழையபடி திரும்பிவிடலாம். வேலை முடிந்ததும் அதை அழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அதற்குப் பிறகு எழுதுவதெல்லாம் தனி ஃபைலில் சேர்ந்துகொண்டே போகும். இது ஆறு மாதமாகச் சேர்ந்திருந்தது. எடுத்தது யார் என்று லாக்கில் பார்த்தேன். மேனேஜரின் லாகின்.

அழிப்பதற்கும் கொஞ்சம் இடம் வேண்டும். டெஸ்டிங்குக்கு வைத்திருந்த இரண்டு கெஸ்ட்டுகளை நிறுத்தினேன். ஓடுவதற்காக அவை டிஸ்க்கில் பிடித்து வைத்திருந்த இடம் விடுபட்டது. அதை வைத்துக்கொண்டு அழிக்க ஆரம்பித்தேன். முடிய மாலை நாலு மணி ஆயிற்று.

லாக்கை பிரிண்ட் எடுத்து மேனேஜர் மேஜையில் வைத்தேன். படித்துவிட்டு, பெரிசு பண்ண வேண்டாம், ரிப்போர்ட்டில் ஹ்யூமன் எரர் என்று போட்டுவிடுங்கள் என்றார். எந்த ஹ்யூமன் என்று கேட்டேன். தாளைக் கவிழ்த்து வைத்தார். வெளியே வந்து அந்த லாக்கை ஃப்ளோர் முழுக்க மெயிலில் அனுப்பினேன்.

மறுநாள் எச்.ஆர். கூப்பிட்டது, என்னை. மெயிலின் தொனி சரியில்லையாம். செய்யூர்க்காரருடைய கார்டை ஒரு கவரில் போட்டு ஆபீஸ் அசிஸ்டெண்டிடம் கொடுத்தனுப்பினார்கள். செய்யூர்க்காரர் அந்தக் கவரைப் பிரிக்கவில்லை.

"ஸ்னாப்ஷாட்டுக்கு லாக் இருந்திச்சு, காட்டிட்ட. அந்தாளு சொன்னதுக்கு இன்னா லாக் கீது?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் மெயிலில் டிஸ்க் இருந்தது, ஃபைல் இருந்தது, மேனேஜர் சொன்ன அந்த வாக்கியம் இல்லை. அன்றைக்கே அதைத் தாளில் எழுதி, கேட்டவர்கள் கையெழுத்துப் போடுங்கள் என்று சீட் சீட்டாகப் போனேன். ஹெட்போன் போட்டிருந்தேன் என்றார்கள். டீக்குப் போயிருந்தேன் என்றார்கள். ஒருத்தர் என் முகத்தைப் பார்த்து, எதுக்குங்க நமக்கு என்றார். என் ஒருத்தி கையெழுத்தோடு தாளைக் கொடுத்தேன். எச்.ஆர். வாங்கி வைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

செய்யூர்க்காரர் அந்த மாதமே வேலையை விட்டு, செங்கல்பட்டில் ஒரு காலேஜ் லேபில் சேர்ந்துவிட்டார். நான் விடவில்லை. இன்னும் இரண்டு வருஷம் அதே மேனேஜருக்கு தினமும் காலையில் குட் மார்னிங் சொன்னேன். அவர்மேல் இருக்கும் கோபம்கூடக் கொஞ்சம் ஆறியிருக்கிறது. அந்த குட் மார்னிங் ஆறவில்லை.