தையல் போட்ட ரோஜாத் தொட்டி

அஸ்தினாபுரம் ஏசுபாதத்துக்கு எதையும் அதன்பாட்டுக்கு விட்டுவைக்கத் தெரியாது. அடுப்பில் சோறு வெந்தால் மூன்று முறை மூடியைத் திறந்து பார்ப்பார். பஸ் கண்டக்டருக்கு அது நல்ல குணம்தான். செடி வைப்பவருக்கு ஆகாது.

எண்பத்தெட்டாம் வருஷம், ராஜகீழ்ப்பாக்கம் ஸ்டாப்பிங்கில் ஒரு மதிலுக்கு மேல் பூத்துக் குலுங்கிய பன்னீர் ரோஜாவைப் பார்த்து மயங்கினார். அந்த வீட்டில் குடியிருந்த கங்கையம்மாள், பென்சில் பருமனில் பத்துக் குச்சிகளை வெட்டி பஸ் ஜன்னல் வழியாக நீட்டினாள்.

நட்ட நாள் முதல் வேளைக்கு ஒரு சொம்பு தண்ணீர். எட்டாம் நாள் அத்தனையும் அடி கறுத்து அழுகிவிட்டன.

"வேரே இல்லாத குச்சி எப்படி சார் தண்ணி குடிக்கும்?" என்று கங்கையம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "மண்ணு பிழிஞ்ச துணியாட்டம் ஈரமா கீதுனா போதும். காத்துலதான் ஈரம் வேணும். பாலிதீன் கவர் போட்டு மூடி, நெ..."

டிரைவர் ஹாரனை அழுத்தி வண்டியை எடுத்துவிட்டார்.

அந்த 'நெ' நெழல் என்பது ஏசுபாதத்துக்கு எப்படித் தெரியும்? புதுக் குச்சிகளை நட்டு, கவர் போட்டு, மொட்டைமாடி வெயிலில் வைத்தார். மூன்றே நாளில் இலைகள் கீரையாக வெந்திருந்தன.

அதற்குள் பஸ்ஸில் தினமும் வருகிறவர்களுக்கெல்லாம் விஷயம் தெரிந்துவிட்டது. "இந்தத் தபா இன்னா ஆச்சு சார்?"

"அவிஞ்சு பூட்ச்சு."

வண்டி முழுக்க "அடடா" என்றது. டிரைவரே இரக்கப்பட்டு எஞ்சினை அணைத்தார். கங்கையம்மாள் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்: "நெழல்ல வையி சார். தொறக்காத. தொறந்தா ஈரம் ஓடிப்பூடும்."

மூன்றாம் முறை, கவருக்குள் நீர் முத்துமுத்தாகக் கோத்தது. ஏசுபாதத்துக்குக் கை துறுதுறுத்தது. நான்காம் நாள் கவரை விலக்கி, வேர் விட்டதா என்று ஒரு குச்சியைப் பிடுங்கிப் பார்த்தார். ஐந்தாம் நாள் இன்னொன்று.

பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்த மனைவி அம்மணி எழுந்து வந்தாள். தொட்டியைப் பெரிய கவருக்குள் இறக்கி, வாயை ஊசிநூலால் தைத்தாள்.

"பிரிச்சா எனக்குத் தெரிஞ்சிடும். என் தையல் உங்களுக்கு வராது."

இருபது நாள் அவர் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் அம்மணி கத்தரியை எடுத்தாள். ஏசுபாதம் ஒரு குச்சியை மெல்ல இழுத்தார். அது வர மறுத்தது. மீதியிருந்த எட்டில் ஆறு வேர் பிடித்திருந்தன.

"அம்மணி, புடிச்சிகினு வுடமாட்டேங்குதுடி!" என்று கத்தினார்.

நாலைந்து வருஷத்தில் அந்தப் பஸ் போகும் வழியெல்லாம் பன்னீர் ரோஜா. கேட்டவர்களுக்கெல்லாம் குச்சியும் கவரும் அவரே கொடுப்பார். திறக்கவே கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொள்வார். அப்புறம் மூன்றாம் நாளே, டிக்கெட் கிழித்தபடி குனிந்து ரகசியமாகக் கேட்பார்:

"லேசா தொறந்து பாத்தியா? வேர் வுட்ச்சா?"