மாப்பிள்ளை குரலில் பேசிய செயலி

வீட்டில் அவளுக்கு எலி என்று பெயர். சின்ன வயதில் கையில் கிடைத்த பென்சிலையெல்லாம் கடித்துத் துப்பியதால் அண்ணன் வைத்த பட்டப்பெயர் அது. பிறகு அவள் கம்ப்யூட்டர் படித்து, செயலி எழுதிப் பிழைக்க ஆரம்பித்ததும், "எங்க எலி இப்போ எலியைப் புடிச்சு உருட்டித்தான் சம்பாதிக்குது" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அண்ணன் காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் விடுபவர். வாய்தான் அவருக்கு மூலதனம். விடிகாலையில் ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நின்றால், வெயில் ஏறும்வரை அந்த வாய் மூடாது. விலை சொல்வார், நடுவே கிண்டல் செய்வார், மூக்கைச் சொறிகிற வியாபாரியையும் விலை கேட்டதாகச் சொல்லி மடக்குவார். அப்படிப்பட்டவர் ஒரு நாள் தக்காளி ஏலத்தின் நடுவில் "அடுத்த கூடை" என்று சொல்லப்போனார். வாயிலிருந்து என்னவோ ஒரு சத்தம் வந்தது. விளையாட்டு காட்டுகிறார் என்று கூட்டம் சிரித்தது. அவர் கையிலிருந்த கூடை நழுவி, தக்காளி நாலாபக்கமும் உருண்ட பிறகுதான் ஓடி வந்து தாங்கிப் பிடித்தார்கள்.

மூளையில் ரத்த அடைப்பு. நடை திரும்பிவிட்டது. வலது கை கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் இடது கை நன்றாகவே இருந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. பிறர் சொல்வதெல்லாம் புரிந்தது. யார் பொய் சொல்கிறார்கள் என்பதுகூடப் புரிந்தது. ஆனால் சொல்ல நினைத்த சொல் தொண்டைக்கு வருவதற்குள் தொலைந்துவிடும். எழுத்தும் கலங்கிப் போயிருந்தது. மிஞ்சியவை "ஆமா" என்ற சொல்லும் ஒரு கெட்ட வார்த்தையும். அந்தக் கெட்ட வார்த்தை மட்டும் ஒரு சேதமும் இல்லாமல் கணீரென்று வந்தது. அண்ணி அதற்கே சந்தோஷப்பட்டாள்.

பேச்சுப் பயிற்சி தரும் அம்மாள் ஒரு படப் பலகை கொடுத்தார். பந்து, வாத்து, குடை. அண்ணன் வாத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டுப் பலகையைச் சுவரில் விட்டெறிந்தார்.

"குழந்தைக்குக் குடுக்கிறதைக் குடுத்தா அவருக்குக் கோபம் வராதா?" என்றாள் எலி.

துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் பின்கதவுக்கும் நடுவில் கிடந்த மேசைதான் அவள் அலுவலகம். பல் மருத்துவர் ஒருவருக்கு முன்பதிவுச் செயலி, வண்டி நிறுத்துமிடத்துக்கு ஒரு செயலி என்று அங்கே உட்கார்ந்துதான் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவற்றையெல்லாம் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு அண்ணனுக்காக ஒன்று செய்தாள். பெரிய பெரிய கட்டங்கள். ஒவ்வொன்றிலும் அவர் வீட்டிலேயே எடுத்த படம். அவருடைய விளிம்பு உடைந்த கோப்பை, அவருடைய செருப்பு, முறைத்துப் பார்க்கும் அண்ணி. தொட்டால் செயலி அவருக்காகப் பேசும். ஆனால் முதலில் வைத்த இயந்திரக் குரலைக் கேட்டதும் அவர் காதைப் பொத்திக்கொண்டார்.

மனிதக் குரல் வேண்டும். அதற்கு அவள் கணவனை விட்டால் ஆள் இல்லை. அவன் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக் கொடுப்பவன். எதிரே லாரி வந்தாலும் "மெதுவா... பிரேக்கை மிதிங்க... அவசரமே இல்ல" என்று தாலாட்டுகிற குரல் அவனுடையது. பயிற்சிக் காரின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, உள்ளே உட்கார்ந்து எல்லாவற்றையும் பேசிப் பதிவு செய்தான். சிக்கல் என்னவென்றால், ஒரே வீட்டில் இருந்தும் மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் கல்யாணமான நாளிலிருந்தே ஏழாம் பொருத்தம்.

அண்ணன் செயலியை வாங்கி எல்லாக் கட்டங்களையும் வரிசையாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையின் முகத்துக்கு நேராகப் போனை நீட்டி ஒரு கட்டத்தை அழுத்தினார்.

"சும்மா இருங்க மாப்பிள்ளை" என்றது மாப்பிள்ளையின் குரல்.

அண்ணி சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அண்ணனும் சிரித்தார். தக்காளி உருண்ட நாளுக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

"என் குரலாலேயே என்னைத் திட்ட வெச்சுட்டியே!" என்று கணவன் எலியிடம் குறைப்பட்டுக்கொண்டான். ஆனால் மறுநாளே காரில் உட்கார்ந்து இன்னும் நிறையத் திட்டுகளைப் பதிவு செய்து கொண்டுவந்தான்.

பயிற்சி அம்மாள் இதைப் பார்த்துவிட்டு, தன்னிடம் வருகிற மற்றவர்களுக்கும் கேட்டார். எலி அதைச் செயலிக் கடையில் இலவசமாகப் போட்டாள். யார் வேண்டுமானாலும் தங்கள் படங்களையும் தங்கள் வீட்டார் குரலையும் வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலானவர்கள் படத்தை மாற்றினார்கள், குரலை மாற்றவில்லை. ஒரு முறை காரோட்டக் கற்றுக்கொள்ள வந்த ஒரு நர்ஸ், எலியின் கணவன் "மெதுவா" என்றதும் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தாளாம். "சார், எங்க வார்டுல பாதிப் பேர் உங்க குரல்லதான் பேசுறாங்க!" அன்று அவன் வீட்டுக்கு வந்த நடையே வேறு மாதிரி இருந்தது.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு காலையில் அந்த மின்னஞ்சல் வந்தது. செயலிக் கடையில் அவளுடைய கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டுவிட்டது. ஏற்கெனவே விதிமீறலுக்காக மூடப்பட்ட இன்னொரு கணக்கோடு அவள் கணக்குக்குத் தொடர்பு இருப்பதுதான் காரணமாம். எந்தக் கணக்கு, என்ன தொடர்பு, ஒரு வார்த்தை இல்லை. அவளாக யோசித்ததில் ஒன்றுதான் பட்டது. முன்பு வேலை பார்த்த கம்பெனியின் கம்ப்யூட்டரில் அவள் தன் கணக்கைத் திறந்ததுண்டு. அவள் விலகிய பிறகு அவர்கள் என்ன திருட்டுத்தனம் செய்தார்களோ, அதன் கறை இவள் மேல் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். இதுவும் ஊகம்தான்.

அண்ணனின் செயலி மட்டுமல்ல, அவள் பெயரில் இருந்த அத்தனையும் கடையிலிருந்து காணாமல் போயிருந்தன. பல் மருத்துவர் போனில் கத்தினார். எலி மேல்முறையீடு அனுப்பினாள். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் பதில் வந்துவிட்டது: கவனமாகப் பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை.

"அதுக்குள்ள கவனமாப் பரிசீலிச்சுட்டாங்களா?" என்றான் கணவன். "எங்க ஸ்கூல்ல ஒருத்தர் சீட்டை முன்னாடி இழுத்து வைக்கவே அதுக்கு மேல ஆகும். நீ போன் போட்டுப் பேசு."

"பேசுறதுக்கு அங்க ஆளே கிடையாதுங்க. நம்பரும் கிடையாது."

அண்ணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நீ செஞ்ச பொருளை நீ விக்கக் கூடாதுன்னு சொல்ல அவங்க யாரு?"

"பொருள்தான் அண்ணி என்னது. கடை அவங்களது, தெரு அவங்களது. அந்தத் தெருவுக்குள்ள வராம இந்தப் போனுக்குள்ள எதுவும் நுழைய முடியாதபடி கட்டி வெச்சிருக்காங்க. யாரை உள்ள விடணும்னு அவங்கதான் சொல்லணும்."

அண்ணன் நாற்காலியில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். செயலிக் கடையைப் பற்றி அவருக்கு ஒரு கருத்து இருந்தது. அதற்குக் கட்டம் தேவைப்படவில்லை. தனக்கு மிஞ்சியிருந்த அந்தக் கெட்ட வார்த்தையை நிதானமாக, அழுத்தமாகச் சொன்னார். வழக்கமாக அதட்டும் அண்ணி அன்று அதட்டவில்லை.

ஏற்கெனவே போனில் வைத்திருந்தவர்களுக்குச் செயலி வேலை செய்தது. அதனால் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்றுதான் எலி நினைத்தாள். அப்போது ஒரு டீச்சர் போன் செய்தாள். பயிற்சி அம்மாளிடம் கேட்டு எண்ணை வாங்கியிருக்கிறாள்.

"அப்பா போன் கீழ விழுந்து உடைஞ்சிருச்சுங்க. புதுசு வாங்கிக் குடுத்தேன். கடையில தேடுறேன், உங்க ஆப் இல்ல. இத்தனை நாள் ஒவ்வொண்ணுக்கும் அதை வெச்சுத்தான் பேசிட்டு இருந்தார். இப்போ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துட்டார். சாப்பிடக்கூட எழுந்திருக்க மாட்டேங்கிறார்."

எலி போனை வைத்துவிட்டு வெகுநேரம் துவைக்கும் இயந்திரம் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஒரு மனிதர் பசிக்கிறது என்று சொல்வதற்கு, முகம் தெரியாத எவனோ ஒருவனின் தயவு வேண்டியிருக்கிறது. அந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தவள் அவள்தான். மற்றபடி அவள் செய்த பிழை ஒன்றுமில்லை. எல்லாரும் போகிற வழி அதுதான் என்று போனாள். ஆனால் இனி அந்த வழியை மட்டும் நம்ப முடியாது.

அன்றே வேலையைத் தொடங்கினாள். செயலியைக் கடை வழியாக வராத ஓர் இணையப் பக்கமாக மாற்றுவது என்று முடிவு செய்தாள். எந்தப் போனிலும் பிரவுசரில் முகவரியைத் தட்டினால் திறக்க வேண்டும். ஒரு தடவை சேமித்துவிட்டால் இணையம் இல்லாவிட்டாலும் பேச வேண்டும். சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது. ஒரு போனில் குரல் திக்கியது. இன்னொரு போன், சில நாள் தொடாமல் விட்டால் சேமித்த படங்களையெல்லாம் குப்பை என்று நினைத்து அழித்துவிட்டது. சோதித்துப் பார்க்கும் பொறுப்பை அண்ணன் எடுத்துக்கொண்டார். தினமும் காலையில் அவள் மேசைக்கு அருகே வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் தட்டிப் பார்ப்பார். தப்பு கண்டுபிடித்தால் முகமெல்லாம் பூரிப்பாக "மோசம்" என்ற கட்டத்தை அழுத்துவார். ஏதாவது சரியாக வந்துவிட்டால் ஏமாந்தவர் மாதிரி உதட்டைப் பிதுக்குவார்.

"அண்ணா, நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு ஒரு தடவையாவது அழுத்தேன்."

"மோசம்" என்றது மாப்பிள்ளையின் குரல்.

முதல் ஆளாக டீச்சரின் அப்பாவுக்குத்தான் கொடுத்தார்கள். எலியே நேரில் போகலாம் என்றிருந்தாள். அதற்குள் டீச்சர் தானே போனில் திறந்துகொண்டாள். சாயங்காலம் பேசினாள். குரல் உடைந்திருந்தது.

"பேசிட்டார்ங்க."

"என்ன சொன்னார்?"

"டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். எலிக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. டீச்சருக்கு முன்பே வந்திருந்தது.

மற்றவர்களுக்கு எப்படிச் சொல்வது? அங்கேதான் அவள் மறுபடி முட்டி நின்றாள். யார் யார் அவள் செயலியை வைத்திருக்கிறார்கள் என்பது கடைக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அத்தனை வீடுகளில் தன் வீட்டுக்காரன் குரல் கேட்கிறது. அதில் ஒரு வீட்டின் விலாசம்கூடக் கையில் இல்லை. பயிற்சி அம்மாள் தனக்குத் தெரிந்த மருத்துவமனைகளுக்கெல்லாம் சொன்னார். நர்ஸ் தன் வார்டில் சொன்னாள். கணவன் பள்ளி முதலாளியிடம் கேட்டு, பக்கத்தின் முகவரியைக் கொட்டை எழுத்தில் அச்சடித்துப் பயிற்சிக் காரின் பின்னால் ஒட்டிவிட்டான்.

"இதை யாருங்க படிப்பாங்க?" என்றாள் எலி.

"எல்லாரும் படிப்பாங்க. என் வண்டியை விட மெதுவா ஊர்ல எந்த வண்டி போகுது? பின்னாடி வர்றவன் எங்களைத் திட்டிக்கிட்டே மனப்பாடம் பண்ணிடுவான்."

அது உண்மையாகவே பலித்தது. ஹார்ன் அடித்தும் திட்டியும் தொண்டை வறண்ட ஒரு டாக்சிக்காரர், அப்படிப் படித்துத்தான் பேச்சிழந்த தன் தம்பிக்கு அதைப் போட்டுக் கொடுத்தார்.

இணைய முகவரியும் ஒருவகையில் வாடகைக்கு எடுத்ததுதான், பிரவுசரும் யாரோ ஒரு பெரிய கம்பெனியுடையதுதான் என்பது எலிக்குத் தெரியும். ஆனால் ஒன்று மூடினால் இன்னொன்றுக்கு மூட்டை கட்டலாம். எழுதிய நிரல் முழுவதையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் வைத்தாள். வேறு ஊரில் ஒரு மருத்துவமனையின் கம்ப்யூட்டர்காரர் அதன் பிரதி ஒன்றைத் தன்னிடமும் ஓட வைத்திருக்கிறார். பல் மருத்துவரின் செயலியை அவர் பெயரிலேயே கணக்குத் திறந்து ஏற்றிக் கொடுத்தாள். அவரும் சமாதானமாகி, அவளுடைய கடைவாய்ப் பல்லை இலவசமாகப் பார்த்துவிட்டார்.

பல மாதங்கள் கழித்துச் செயலிக் கடையிலிருந்து ஒரு வரி வந்தது. மறுபரிசீலனைக்குப் பின் உங்கள் கணக்கு திரும்ப வழங்கப்படுகிறது. ஏன் மூடினார்கள் என்பதும் இல்லை, ஏன் திறந்தார்கள் என்பதும் இல்லை. வருத்தம் என்ற சொல்லும் இல்லை.

"பாவம், அவங்களுக்கும் வாய் வரல போல" என்றான் கணவன். "மன்னிச்சுடுங்கன்னு ஒரு கட்டம் போட்டு அனுப்பி வை. குரல் நானே குடுக்கிறேன்."

எலி செயலியை மறுபடியும் கடையில் வைத்தாள். வீம்புக்கு வைக்காமல் விட அவளுக்கு மனமில்லை. பாதிப் பேர் தேடி வருவது அங்கேதான். ஆனால் திறந்ததும் முதலில் தெரிவது இணையப் பக்கத்தின் முகவரிதான். இது இல்லாமல் போனால் அங்கே வாருங்கள் என்று பெரிதாக எழுதியிருக்கிறது.

போன மாதம் டீச்சர் தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அவரும் அண்ணனும் ஜன்னலோரம் எதிரெதிராக உட்கார்ந்து, ஆளுக்கொரு போனை மடியில் வைத்துக்கொண்டார்கள். ஒருவருக்குக் காற்று வேண்டும், ஒருவருக்குக் குளிர்ந்தது. ஜன்னலைத் திறக்கச் சொல்லி ஒரு போனும் மூடச் சொல்லி இன்னொரு போனும் மாறி மாறிப் பேசின, ஒரே குரலில். சமையலறையிலிருந்து அண்ணி, "மாப்பிள்ளை, திறக்கவா மூடவா? ஒண்ணைச் சொல்லுங்க!" என்று கத்தினாள். மாப்பிள்ளை அப்போது வீட்டிலேயே இல்லை. எலி எழுந்து போய் ஜன்னலைப் பாதி திறந்து வைத்துவிட்டுத் தேநீரை எடுத்துவரப் போனாள்.